குடும்ப மாலைக்கு மழை, வெயில், நிலச்சரிவு: எதைச் செய்து காட்டலாம், எதை விட்டுவிடலாம்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எல்லாரும் சேர்ந்து உட்காரும் மாலை நிகழ்ச்சி ஒன்று நடத்தப் போகிறீர்கள். இரண்டு மணி நேரம், கொஞ்சம் காசு, ஒரு ஹால், ஒரு முற்றம். வெள்ளம், வெப்ப அலை, நிலச்சரிவு, காலநிலை மாற்றம் பற்றி என்னென்ன சோதனை செய்யலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. 2024 வயநாட்டு நிலச்சரிவுக் காட்சிகளை டிவியில் பார்த்த பிள்ளைகளுக்குப் பயம் போகவில்லை; பெரியவர்களோ எந்த மழைக்கும் 'காலம் கெட்டுப்போச்சு' என்கிறார்கள்; இந்த இரண்டு பேருக்கும் ஒரே மாலையில் என்ன சொல்வது என்கிறீர்கள். பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்லும்போதே சோதனைகளும் வந்துவிடும்.

நான் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பள்ளிகளில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பள்ளி வளாகத்தில் மழைமானி வைத்துப் பிள்ளைகளோடு கணக்கு எழுதியிருக்கிறேன். இந்த மாதிரி மாலைகளும் நிறைய நடத்தியாயிற்று. மழை, வெப்பம், காற்று ஆகியவற்றின் இயற்பியலைத் தைரியமாகச் சொல்வேன். எந்த மலைச்சரிவில் வீடு கட்டலாம், எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் நிலவியல் படித்தவர்கள் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அந்தக் கேள்வி வந்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன். நீங்களும் மேடையிலிருந்து அதற்குப் பதில் சொல்லாதீர்கள்.

முதலில், குறைவாகச் செய்யுங்கள். நாலைந்து மேசை போதும். நுரை பொங்கும் சோதனை, புகை வரும் சோதனைக்கெல்லாம் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் போகும்போது யாருக்கும் ஒன்றும் நினைவில் இருக்காது. வந்தவர்கள் தாங்களே எதையாவது அளந்து, ஓர் எண்ணைச் சொல்லி, பக்கத்துக் குடும்பத்தின் எண்ணோடு சண்டை போட வேண்டும். அப்போதுதான் அது அறிவியல் மாலை.

மழையிலிருந்து தொடங்குங்கள். செய்தியில் '12 செ.மீ. மழை' என்று தினமும் கேட்கிறோம். அந்த 12 எங்கே அளந்தது, எதை அளந்தது என்று கேட்டால் படித்தவர்களே தடுமாறுவார்கள். முற்றத்தில் ஒரு சின்ன பிஸ்கட் டப்பாவையும் ஓர் அகலமான அடுக்குப் பாத்திரத்தையும் வைத்து, செடிக்குத் தண்ணீர் விடும் பூவாளியால் இரண்டின் மேலும் ஒரே சீராகத் தூவச் சொல்லுங்கள். எதில் தண்ணீர் உயரமாக நிற்கும் என்று முதலில் பந்தயம் கட்டச் செய்யுங்கள். பெரிய பாத்திரம் என்று பாதிப் பேர், சின்ன டப்பா என்று பாதிப் பேர் சொல்வார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே உயரம். சுவர் நேராக இருந்தால் வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டே இல்லை. அப்புறம் ஒரு குடத்தை வைத்துப் பாருங்கள். வாய் குறுகி வயிறு அகன்றிருப்பதால் கணக்கு தப்பிவிடும். ஏன் என்று கேளுங்கள், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அங்கேயே ஒவ்வொரு குடும்பமும் ஒரு மழைமானி செய்துகொள்ளலாம். வளைவு நெளிவு இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலை, தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல் பாகத்தைக் கவிழ்த்துப் புனல் மாதிரி செருக வேண்டும். பாட்டிலின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே கூழாங்கல் போட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அதைச் சுழியம் என்று கோடு போடுங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டால் சின்ன மழையெல்லாம் கணக்கில் வராது. தினமும் காலை 8.30-க்குப் பார்த்து எழுத வேண்டும், ஏனென்றால் இந்திய வானிலைத் துறையின் நாள் கணக்கு அந்த நேரத்தில்தான் மாறுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் போனால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் மொட்டை மாடியில் ஒரே நாளில் 204 மி.மீ. கொட்டினால் 20,400 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியைக் காட்டி இது மாதிரி இருபது என்று சொல்லுங்கள். அதி கனமழைக்கு விடும் சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது மேகம். ஒரு லிட்டர் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அணைத்த ஊதுபத்தியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடுங்கள். இரண்டு கையாலும் பலமாக அமுக்கிப் பிடித்து, சட்டென்று விடுங்கள். உள்ளே மூடுபனி தோன்றும். திரும்ப அமுக்கினால் மறையும். பின்னால் ஒரு கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு டார்ச் இருந்தால் கடைசி வரிசை வரை தெரியும். புகை விடாமல் ஒரு முறை செய்து காட்டுங்கள், மேகம் சரியாக வராது. காற்று விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் ஈரம் துளியாகும், துளியாக ஒரு தூசி வேண்டும் என்ற மூன்றும் அந்த ஒரு பாட்டிலுக்குள் இருக்கின்றன.

இதை உங்கள் ஊரோடு சேர்த்துச் சொன்னால்தான் ருசி. அரபிக்கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. உயரப் போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, குளிர்கிறது, மழையாகிறது. மேகம் உண்டாகும் வரை ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மலையே இல்லை. காற்று ஏறாமல் நேராக உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் ஆனி ஆடியில் உங்கள் ஊரில் மழையை விடக் காற்று பெரிதாக இருக்கிறது. அதனால்தான் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்துக்குள் இருந்தும் கேரளம் மாதிரி இல்லாமல், பனைமரமும் கடலைக்காடுமாகக் கிடக்கிறது. ஒரு டேபிள் ஃபேனும், நடுவில் சந்து விட்டு நிறுத்திய இரண்டு அட்டைப்பெட்டியும், பின்னால் தொங்கவிட்ட காகித நாடாவும் போதும். சந்துக்கு நேரே உள்ள நாடா மட்டும் படபடக்கும். இந்த இடத்தில் பெரியவர் யாராவது தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவிலான ஆழியாற்றுத் தண்ணீர் பங்கீட்டுக்குத் தாவுவார். தடுக்க முடியாது, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

வெயிலை மாலையில் எப்படிக் காட்டுவது என்று தயங்க வேண்டாம், மாலைதான் அதற்குச் சரியான நேரம். கோவிட் காலத்தில் வாங்கிய வெப்பமானித் துப்பாக்கி எங்காவது கிடக்கும். நெற்றிக்கு மட்டும் என்று செய்தவை உடல் சூட்டுக்கு அக்கம்பக்கம்தான் காட்டும். பொருளின் மேற்பரப்பை அளக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். ஆறரை மணிக்குப் பிள்ளைகளை விட்டு மேற்குச் சுவர், சிமெண்ட் தரை, வேப்பமரத்தடி மண், ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்று அளந்து வரச் சொல்லுங்கள். திரும்ப எட்டு மணிக்கு ஒரு முறை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை எது பிடித்து வைத்திருக்கிறது, எது விட்டுவிட்டது என்று கரும்பலகையில் தானாகத் தெரியும். ஒன்றில் மட்டும் கவனம்: பளபளக்கும் புதுத் தகரத்தை நேராக அளந்தால் அந்தக் கருவி ஏமாற்றும், இல்லாத குளிர்ச்சியைக் காட்டும். தகரத்தின் மேல் எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒரு துண்டு முன்னாலேயே ஒட்டி வைத்து, டேப்பின் மேல் அளக்க வேண்டும். டேப் ஒட்டாமல் ஒரு முறை, ஒட்டி ஒரு முறை அளக்கவிடுவது இன்னும் நல்லது; கருவி சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்.

அதே மேசையில் இரண்டு சாதாரண வெப்பமானிகள், ஒன்றின் முனையில் ஈரத்துணி, எதிரே ஃபேன். ஈரத்துணி சுற்றியது பல டிகிரி இறங்கி நிற்கும். வியர்வை நம்மைக் காப்பாற்றுவது இப்படித்தான். காற்றில் ஈரம் அதிகமானால் இந்த வித்தியாசம் சுருங்கும், வியர்த்தாலும் உடம்பு குளிராது. கோயம்புத்தூரின் 38-ஐ விடக் கடலோரத்து 35 சில நாள் மோசமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர்; அது 35-ஐத் தொட்டால் ஆரோக்கியமான ஆளும் நெடுநேரம் தாங்க முடியாது என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். பிறகு இளைஞர்களை ஆய்வகத்தில் வைத்துச் செய்த சோதனைகளில் அதற்குச் சில டிகிரி முன்பே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது தெரிந்தது. ஆகவே 'இதுதான் எல்லை' என்று ஓர் எண்ணைச் சுவரில் எழுதாதீர்கள். வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறை வேறு: சமவெளியில் 40 டிகிரியும், வழக்கத்தை விட 4.5 டிகிரியாவது அதிகமும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியபோது அந்த எச்சரிக்கையைப் பார்த்தோம்.

நிலச்சரிவு மேசைதான் கஷ்டமானது. இரண்டு தட்டில் மண் நிரப்பி, ஒன்றில் பத்து நாள் முன்பே கேழ்வரகு விதைத்து வேர் விடச் செய்து, இரண்டையும் சாய்த்து வைத்துத் தண்ணீர் தூவும் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. வெறும் மண் கலங்கி ஓடும், வேர் பிடித்த மண் நிற்கும். அழகான சோதனை, ஆனால் அது காட்டுவது மேல்மண் அரிப்பை. மலையே பெயர்ந்து வருவது வேறு. அங்கே தண்ணீர் ஆழமாக இறங்கி, மண் துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறி, ஒன்றோடொன்று இருந்த பிடிப்பு தளர்ந்துபோகிறது. வேர் மேலே ஒன்றிரண்டு மீட்டரைத்தான் பிடிக்கும். அதற்குக் கீழே நழுவினால் காட்டையும் சேர்த்துக் கொண்டு வரும். ஆகவே 'மரம் வைத்தால் சரிவு வராது' என்று முடித்துவிடாதீர்கள். மரம் உதவும், எல்லா இடத்திலும் போதாது. இதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாயைச் செருகி, மேலே மணல் நிரப்பி அதன்மேல் ஒரு கல்லை நிறுத்துங்கள். குழாய் வழியாகக் கீழிருந்து தண்ணீரை மெதுவாக ஏற்றினால், மேலே ஒரு சொட்டுக்கூட ஊற்றாமல் கல் ஒரு கட்டத்தில் சாய்ந்து மணலுக்குள் இறங்கும். குழாயின் வாயைத் துணியால் கட்டாவிட்டால் மணல் அடைத்துக்கொள்ளும்.

தயவுசெய்து அந்தத் தட்டில் பொம்மை வீடு வைக்காதீர்கள். நிறைய வீடியோக்களில் அப்படித்தான் செய்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) புதைந்தபோது 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2018-இல் உங்களுக்குப் பக்கத்திலேயே நென்மாறையில் சரிவு வந்தது. உங்கள் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய உறவினர் அங்கே இருந்தார் என்று நமக்குத் தெரியாது. கல் சாய்ந்தால் போதும், பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிடும். பயத்தைக் குறைப்பதற்குப் பெரியவர்களின் ஆறுதல் வார்த்தையை விட 'எது நடந்தால் நாம் எங்கே போவோம்' என்ற விவரம்தான் உதவும்: எந்த வீட்டுக்கு, யார் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவார்கள், மாவட்டப் பேரிடர் எண் 1077 யார் போனில் இருக்கிறது. அந்த மேசையிலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள்.

விட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு. சோடா மாவும் வினிகரும் கலந்து ஒரு பாட்டிலில் கரியமில வாயு நிரப்பி, இன்னொன்றில் சாதாரணக் காற்று வைத்து, இரண்டின் மேலும் விளக்கு அடித்து, 'பார், இது அதிகச் சூடு' என்று காட்டும் சோதனை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அங்கே சூடு ஏறுவதற்கு முக்கியக் காரணம், கனமான அந்த வாயு மேலே உள்ள காற்றோடு எளிதில் கலக்காமல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதுதான். வளிமண்டலத்தில் நடக்கும் கதிர்வீச்சு விஷயம் அல்ல. 2010-இல் ஓர் அமெரிக்க இயற்பியல் இதழில் இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். விடை சரி, காரணம் தப்பு. உண்மையான ஒரு விஷயத்துக்குப் பொய்ச் சாட்சி எதற்கு? கரியமில வாயு போன்றவை பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுங்குடில் விளைவை ஒன்றரை நிமிடம் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம்.

பெரியவர்களின் 'காலம் கெட்டுப்போச்சு'க்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து பகடைதான். ஒரு பகடையை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் 1 இருக்கும் முகத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி 6 ஆக்குங்கள். ஒருவர் துணி மறைவில் உருட்டி எண்ணை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் விளையாட்டு கெட்டுவிடும். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பகடையையும் முப்பது முப்பது முறை உருட்டட்டும். பத்துக் குடும்பத்தைக் கூட்டினால் முதலாவதில் சுமார் 50 ஆறும் இரண்டாவதில் சுமார் 100 ஆறும் வரும். இப்போது கேளுங்கள்: இரண்டாவது பகடையில் நீங்கள் கடைசியாகக் கேட்ட அந்த ஆறு ஸ்டிக்கரால் வந்ததா? யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பகடையின் ஆறுகளில் ஏறக்குறைய பாதி ஸ்டிக்கரால் வந்தவை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். ஒரு தனி மழையைப் பற்றியும் பல வருட மழையைப் பற்றியும் நாம் கேட்கும் கேள்விகள் வேறு வேறு என்பது இதில் சண்டை இல்லாமல் இறங்கும்.

இந்த இடத்தில்தான் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது, காரணம் மனிதர்கள். இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. ஒரு டிகிரிக்குக் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். இவை தயக்கமில்லாமல் சொல்லலாம். வெப்ப அலை கூடுவதையும் அப்படியே சொல்லலாம். ஒரு நாளில் கொட்டும் பெருமழை உலக அளவில் கூடுகிறது என்பதும் உறுதியே. ஆனால் உங்கள் ஊரின் மொத்த வருட மழை கூடுமா குறையுமா என்பது அவ்வளவு எளிதான கேள்வி அல்ல. 1951 முதல் 2015 வரை மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை மொத்தத்தில் குறைந்ததாகத்தான் கணக்கு. 2024 ஜூலை 30 வயநாட்டு மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு, காலநிலை மாற்றம் அந்த ஒரு நாள் மழையைச் சுமார் 10 சதவீதம் கூட்டியிருக்கும் என்றது. கூடவே, மலைப்பகுதியில் இந்தக் கணிப்புக்கு நிச்சயமின்மை அதிகம் என்றும் அவர்களே எழுதினார்கள். அதுவும் மழையைப் பற்றிய கணக்கு. சரிவுக்கு மண், சாய்வு, கட்டடம், சாலை வெட்டு என்று இன்னும் பல காரணம் சேரும். 'வயநாடு காலநிலை மாற்றத்தால் நடந்தது' என்று ஒற்றை வரியில் சொன்னாலும் தப்பு, 'சம்பந்தமே இல்லை' என்றாலும் தப்பு.

பெரியவர்களை வெறும் பார்வையாளராக உட்கார வைக்காதீர்கள். அப்பாருகளிடமும் அம்மிச்சிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி 'முன்னெல்லாம் மழை நிறையப் பெய்ததா' என்பதல்ல. அதற்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். எந்த வருடம் எந்தப் படி வரை தண்ணீர் வந்தது, எந்தக் கிணறு எந்த மாசம் வற்றியது, எந்த மழைக்குக் கடலை விதைத்தார்கள் என்று கேளுங்கள். இடமும் நிகழ்ச்சியும் ஒட்டிய நினைவு பெரும்பாலும் சரியாக இருக்கும், சராசரி பற்றிய நினைவு அப்படி இல்லை. கேரளத்தில் 1924 வெள்ளத்தைக் கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து '99 வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். மூணாறின் குட்டி ரயில் பாதையை அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. பெருவெள்ளம் அன்றும் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. 2018-இல் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை வழக்கத்தை விட 42 சதவீதம் கூடுதலாகப் பெய்ததையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே சுவரில் இருக்கட்டும்.

தேதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் வேண்டாம். கேரளத்தில் அந்த மாதங்களில் பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை இடிமின்னல் நேரம், நீங்கள் முற்றத்தில் பிள்ளைகளோடு நிற்பீர்கள். மாசி வசதி, சுவரெல்லாம் நன்றாகச் சூடேறியிருக்கும். எந்த மாதமானாலும் மின்னல் தெரிந்தால் இடி கேட்கும் வரை நொடி எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் எல்லாரும் உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. பனைமரத்தடியில் ஒதுங்கக் கூடாது. பழைய பாதரச வெப்பமானி யாரிடமாவது இருந்தால் அன்றைக்கு அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சிவப்புத் திரவம் உள்ளவையோ டிஜிட்டலோ போதும்.